ஆட்சேபணைக்கு முப்பது நாள்

உங்கள் வீட்டு ஏசி
எங்கள் பால்கனியில் சொட்டியதில் தொடங்கவில்லை சண்டை.
அது பிறகு வந்தது.
முதலில் ஒரு சீட்டு.
மாதம் ஐந்நூறு திர்ஹம், இருபது பேர்.
பதினோராம் மாதம் ஒருவன்
விசாவைக் கேன்சல் செய்துவிட்டு ஓடிப்போனான்.
அவன் யார் சேர்த்த ஆள் என்பதற்கு
என் அப்பாவிடம் ஒரு விடை,
உன் அப்பாவிடம் வேறு விடை.
அப்போது நான் யூகேஜி.

ஐந்நூற்று மூன்றுக்கும் ஐந்நூற்று நான்குக்கும் நடுவே
ஒரு கல் கனச் சுவர்.
உன் அம்மா மீன் பொரித்தால்
என் அம்மா சாம்பிராணி போடுவாள்.
சாம்பிராணி போட்டால்
மரியதாஸ் கொரைரா கீழே இறங்கி
வாட்ச்மேனிடம் புகை என்று எழுதிக் கொடுப்பார்.
லிஃப்ட்டில் நீங்கள் நின்றால்
நாங்கள் ஐந்து மாடி ஏறுவோம்,
ஆகஸ்ட் மாதத்தில்,
அரிசி மூட்டையோடு.

ரோலாவில் வேறு வீடா கிடைக்காது என்று
எல்லோரும் கேட்டுவிட்டார்கள்.
பழைய வாடகை.
இரண்டு வீட்டிலும் வீம்பு இருந்தது,
வீடு மாற்றக் காசு இல்லை.

சொட்டுக்குக் கீழே பெயிண்ட் வாளி வைத்தது அம்மா.
வாளிக்குப் பக்கத்தில்
பிரியாணிக்கு வாங்கிய கட்டிலிருந்து
ஒரு புதினாக் குச்சியை ஊன்றியது நான்.
உன் அறை குளிர்ந்த தண்ணீரில் அது
தொட்டியை விட்டு வழிந்தது.
ஜூலையில் நீங்கள் லீவுக்குப் போனீர்கள்.
ஏசி நின்றது.
திரும்பி வந்த அன்று கம்பிக்கு அந்தப்பக்கம் நின்று
"புதினா வாடிட்டே" என்றாய்.
இருபது வருடத்தில் உங்கள் வீட்டிலிருந்து
எங்கள் வீட்டுக்கு வந்த
வசவில்லாத முதல் வாக்கியம்.

அடுத்த லீவுக்கு
ஆளில்லாத உன் அறை
நாற்பது நாள் இருபத்திரண்டு டிகிரியில் ஓடியது.
வந்த பில்லைப் பார்த்து உன் அப்பா
மீட்டரில் கோலப்பன் வயர் போட்டுவிட்டான் என்று
மாடிக்கே கேட்கக் கத்தினார்.
என் அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார்.
நான் உள்ளே போய்
தலையணையைக் கடித்துச் சிரித்தேன், ஜோவின்.
பிறகு கொஞ்சம் அழுதேன்.
அந்தப் பணத்தை நீ மூன்று மாதம்
ஓவர்டைம் பார்த்துக் கட்டினாய்.
எனக்கு வேறு யாரும்
இவ்வளவு விலையில் எதுவும் வாங்கித் தந்ததில்லை.

தூதரகக் கண்ணாடிப் பலகையில்
முப்பது நாள் நம் பெயர்கள்.
தாரிணி கோலப்பன். ஜோவின் கொரைரா.
ஒரே கட்டிடம், ஒரே மாடி,
கடைசி எண் மட்டும் வேறு.
தட்டச்சுப் பிழை என்று குமாஸ்தா திருத்தப் போனார்.
"ரெண்டும் சரிதான் சார்."

பத்தொன்பதாம் நாள்
என் அப்பா பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போனார்.
உன் அப்பாவுக்கு யாரோ
பலகையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள்.
டோக்கன் நாற்பத்தேழு. டோக்கன் நாற்பத்தெட்டு.
அங்கேயும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

நான் பார்க்கவில்லை.
ஜெராக்ஸ் எடுக்கும் பையன் சொன்னது இது.
அரைமணி நேரம் இருவரும்
எதிரே இருந்த ஃபேனைப் பார்த்தார்களாம்.
பிறகு படிவம்.
உன் அப்பாவின் பேனா எழுதவில்லை.
உதறினார், உள்ளங்கையில் கிறுக்கினார்.
என் அப்பா முகம் திருப்பாமல்
தன் பையிலிருந்து ஒன்றை எடுத்து
நாற்காலிக் கையில் வைத்தார்.

ஆட்சேபணைக்கான காரணம்: நான்கு வரி இடம்.
ஒருவர் சீட்டு என்று எழுதி அடித்தார்.
ஒருவர் கரண்ட் பில் என்று எழுதி அடித்தார்.
கவுன்ட்டரில் அந்த அம்மா கேட்டாளாம்:
"வயசு பத்தலையா? முன்னாடியே கல்யாணம் ஆனவங்களா?
இல்லேன்னா வேற எதுக்கும் இதுல எடமில்ல."
இன்னொரு கட்டம் காலியாக இருந்தது.
எதிர்த் தரப்பார் உங்களுக்கு என்ன உறவு?
இருவரும் ஒரே பதில் எழுதினார்கள்,
ஒருவர் தமிழில், ஒருவர் ஆங்கிலத்தில்:
பக்கத்து வீடு.

இரவு அப்பா சாப்பிடவில்லை.
என்னிடம் பேசவுமில்லை.
சட்டையைத் துவைக்கப் போட்ட அம்மா
"எப்பவும் ரெண்டு பேனா இருக்குமே" என்றாள்.
"ஒருத்தன் வாங்கினான். திருப்பித் தரல."

இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.
சுவருக்கு அந்தப்பக்கம் உன் அப்பா
யாருக்கோ எதையோ எழுதிக்கொண்டிருக்கிறாராம்,
அதே பேனாவில்.
இதற்கும் ஒரு சண்டை வரும் என்று
குறுஞ்செய்தி அனுப்புகிறாய்.
வரட்டும்.
வாளி நிரம்பிவிட்டது,
ஊற்றிவிட்டு வருகிறேன்.